நம் ஊர்ப் பாலில் ஒரு சொக்லேட் மில்க்ஷேக்

சொக்லேட் என்ற சொல்லைக் கேட்டாலே பிள்ளைகளின் முகம் மலர்ந்துவிடும். கடையில் குளிர்சாதனப் பெட்டிக்குள் அடுக்கி வைத்திருக்கும் சொக்லேட் பால் பக்கற்றைக் கண்டால் அவர்களின் கால் அங்கேயே நின்றுவிடும். தாயின் கையிலிருப்பதோ அரிசிக்கும் பருப்புக்கும் எண்ணி எடுத்து வந்த காசு. "நாளைக்கு வாங்கித் தாறன் மகன்" என்று சொல்லிப் பிள்ளையை இழுத்துக்கொண்டு போகும் தாய்மாரை வாகரைக் கடைத்தெருவில் எந்த நாளும் காணலாம். அந்த நாளை பல வீடுகளில் வருவதேயில்லை.

சகோதரிகளே, அந்தப் பானத்தை நம் வீட்டிலேயே செய்யலாம். மின்சாரமோ அரைக்கும் இயந்திரமோ குளிர்சாதனப் பெட்டியோ இல்லாமலும் செய்யலாம். பாலும், கொஞ்சம் கொக்கோ தூளும், இரண்டு வாழைப்பழமும், மூடியுள்ள ஒரு போத்தலும் போதும். எப்படிச் செய்வது என்பதுடன், பால் நிறைந்த நம் பிரதேசத்தில் பிள்ளைக்கு ஒரு கிளாஸ் பால் கொடுப்பது ஏன் இவ்வளவு கடினமாகிப் போனது என்பதையும் சேர்த்துப் பார்ப்போம்.

பால் எங்கே போகிறது?

மட்டக்களப்பு என்றதும் வெளியூரார் நினைப்பது மீன்பாடும் வாவியையும் எருமைத் தயிரையும்தான். கோறளைப்பற்று வடக்குப் பிரதேச செயலகப் பிரிவான வாகரையிலும் கடலும் களப்பும் ஒரு பக்கம், காடும் மேய்ச்சல் நிலமும் மறுபக்கம். கதிரவெளி, பனிச்சங்கேணி, மாங்கேணி, கட்டுமுறிவு என்று எங்கு போனாலும் மாடு காணாமல் வரமுடியாது. பெயரிலேயே பாலைக் கொண்ட பால்சேனையும் நம் பக்கத்து ஊர்தான்.

ஆனால் இந்த ஊர்களின் பிள்ளைகள் குடிப்பது பெரும்பாலும் பால்மாவைக் கரைத்த தேநீரே. வீட்டு மாட்டின் பால் காலையிலேயே சேகரிப்பவரின் கொள்கலனுக்குள் போய்விடுகிறது. அதில் வரும் பணத்தில் ஒரு பகுதி திரும்பவும் கடைக்குப் போய்ப் பால்மாப் பக்கற்றாக வீடு வருகிறது. மாடு கறக்கும் ஒரு தாய் சொன்னது இது: "விடியக் காலம எழும்பிப் பால் கறக்கிறது நான்தான் மிஸ். ஆனா என்ட புள்ளைக்குக் குடுக்கிறது பக்கற் பால். என்ன செய்ற? பால விக்காட்டி அடுப்பு எரியாது."

இந்த நிலை ஒரு நாளில் வந்ததன்று. 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி நம் கரையோரத்தை அடித்துச் சென்றது. 2006இன் பிற்பகுதியில் மூதூர் கிழக்கிலிருந்தும் ஈச்சிலம்பற்றிலிருந்தும் ஓடி வந்த மக்களும் நம் மக்களும் சேர்ந்து இங்கேயே சிக்கிக்கொண்டனர். உணவும் மருந்தும் தட்டுப்பட்ட நாட்கள் அவை. அந்த வருடம் நவம்பர் 8ஆம் திகதி கதிரவெளிப் பாடசாலையில் தஞ்சமிருந்தவர்கள் மீது செல் விழுந்து 40க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பின்னர் காடும் களப்பும் கடந்து வாழைச்சேனைப் பக்கம் நடந்தோம், படகேறினோம். 2007 ஜனவரியில் வாகரை இராணுவத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. அந்த வருடத்திலேயே மீள்குடியேற்றம் தொடங்கியபோது, வீட்டுக் கூரையுடன் பட்டியையும் இழந்த குடும்பங்கள் பல இருந்தன. மாடு என்பது ஒரு பெண்ணின் கையிலுள்ள வங்கி. அது போனபின் மறுபடியும் ஒரு கன்றிலிருந்து தொடங்கவேண்டியிருந்தது.

முகாம்களில் வாழ்ந்த காலத்தில் பால்மாவும் பிஸ்கற்றுமே கையில் கிடைத்தன. பால் என்றால் பக்கற்றில் வருவது என்ற பழக்கம் அங்கே இன்னும் இறுகியது. அன்று தாயின் இடுப்பில் தூங்கியபடி வாகரையை விட்டு வெளியேறிய பெண் குழந்தைகள் இன்று தாங்களே தாய்மாராகியுள்ளனர். தங்களுக்குக் கிடைக்காததைத் தம் பிள்ளைக்குக் கொடுத்துவிட வேண்டும் என்ற தவிப்பு அவர்களிடம் அதிகம். அந்தத் தவிப்பை வண்ணப் பக்கற்றுகளும் விளம்பரங்களும் நன்றாக அறிந்து வைத்திருக்கின்றன.

இலங்கையின் பால் தேவையில் அரைவாசியைக்கூட உள்ளூர் உற்பத்தி நிறைவு செய்வதில்லை. மீதி நியூசிலாந்து போன்ற நாடுகளிலிருந்து மாவாக வருகிறது. டொலர் இல்லாமற் போனால் என்ன நடக்கும் என்பதை 2022இல் கண்டோம். அந்த வருடம் மார்ச் மாதத்தில் 400 கிராம் பால்மாப் பக்கற் ஒன்றின் விலை 790 ரூபாவுக்கு ஏறியது. அதற்கும் கடைகடையாக வரிசை. ஒரு பக்கற் பால்மாவைக் கரைத்தால் ஏறக்குறைய 3 லீற்றர் பால் வரும். ஆகவே பக்கற்றின் விலையைப் பார்க்கும்போது, உங்கள் ஊரில் 3 லீற்றர் பசும்பாலுக்கு என்ன விலை என்பதையும் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். விற்கும் பாலில் ஒரு போத்தலையாவது வீட்டுக்கு நிறுத்திவைப்பது நட்டமா இலாபமா என்று அந்தக் கணக்கே சொல்லும்.

கொக்கோவும் பெண்களின் கையும்

கொக்கோ மரத்தின் காய்கள் தண்டோடு ஒட்டிக் காய்க்கும். காயை உடைத்து எடுக்கும் விதைகளைப் புளிக்கவைத்து, காயவைத்து, வறுத்து, அரைத்தால் வருவதுதான் சொக்லேட்டின் அடிப்படை. அதிலுள்ள கொழுப்பைப் பிழிந்து எடுத்துவிட்டு மிஞ்சுவதைத் தூளாக்கும் முறையை 1828இல் நெதர்லாந்தில் வான் ஹூட்டன் குடும்பத்தினர் கொண்டுவந்தனர். கொக்கோ தூள் பிறந்தது அப்படித்தான். நம் நாட்டிலும் மாத்தளை, கண்டி, குருநாகல் மாவட்டங்களில் கொக்கோ விளைகிறது.

இதற்கும் முன்பு, ஆயிரம் வருடங்களுக்கு மேலாக மத்திய அமெரிக்காவின் மாயா மக்கள் கொக்கோவைப் பானமாகக் குடித்தனர். அவர்களின் பழைய மட்பாண்டம் ஒன்றில் ஒரு பெண் நின்றபடி ஒரு பாத்திரத்திலிருந்து கீழேயுள்ள மற்றொரு பாத்திரத்துக்குக் கொக்கோவை உயரத்திலிருந்து ஊற்றும் ஓவியம் உள்ளது. நுரை எழுவதற்காகவே அப்படிச் செய்தனர். நாம் தேநீர் ஆற்றுவதும் இதே முறைதான். மில்க்ஷேக்கை அடிக்கும் மின் இயந்திரம் பிற்காலத்தில்தான் வந்தது. அதற்கு எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்னரே பெண்களின் கை அந்த வேலையைச் செய்துவிட்டது. 2022இல் நாளுக்கு 13 மணிநேரம் மின்வெட்டு வந்த நாட்களிலும் ஆற்றும் கைக்குத் தடை இருக்கவில்லை.

தேவையான பொருட்கள் (4 கிளாஸுக்கு)

பசும்பால் – 600 மில்லிலீற்றர்
இனிப்புச் சேர்க்காத கொக்கோ தூள் – 4 தேக்கரண்டி (மட்டமாக)
சீனி – 8 தேக்கரண்டி (மட்டமாக)
நன்றாகப் பழுத்த கோழிக்கூட்டு வாழைப்பழம் – 2
சுடுநீர் – 4 மேசைக்கரண்டி
உப்பு – ஒரு சிட்டிகை

எருமைப்பால் என்றால் கொழுப்பு ஏறக்குறைய இரு மடங்கு. 400 மில்லிலீற்றர் பாலுக்கு 200 மில்லிலீற்றர் கொதித்தாறிய நீர் சேர்த்துக்கொள்ளலாம். ஆட்டுப்பாலிலும் செய்யலாம். பால்மாதான் இருக்கிறதென்றால் 600 மில்லிலீற்றர் கொதித்தாறிய நீரில் 80 கிராம் கரையுங்கள். பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குத் தேங்காய்ப்பாலில் செய்தாலும் ருசியாக இருக்கும். ஆனால் பசும்பாலின் புரதமும் கல்சியமும் அதில் கிடைக்காது.

கொக்கோ தூள் வாங்கும்போது பக்கற்றின் பின்பக்கத்தை வாசியுங்கள். எந்தப் பொருள் அதிகமோ அதுதான் முதலில் எழுதப்பட்டிருக்கும். சீனி முதலில் இருந்தால் நீங்கள் வாங்குவது பெரும்பகுதி சீனியே. மோல்ட் பான மாவைப் பயன்படுத்துகிறவர்கள் அதில் ஏற்கெனவே சீனி இருப்பதை நினைவில் வைத்துச் சீனியைப் பாதியாகக் குறையுங்கள்.

செய்முறை

1. பாலை அடுப்பில் வைத்துக் கிளறியபடி பொங்கவிடுங்கள். பொங்கியபின் நெருப்பைக் குறைத்து மேலும் சில நிமிடம் கொதிக்கட்டும். பச்சைப் பாலில் காய்ச்சலையும் வயிற்றோட்டத்தையும் உண்டாக்கும் கிருமிகள் இருக்கலாம். மாட்டிலிருந்து மனிதருக்குத் தொற்றும் புருசெல்லா நோயும் பச்சைப் பாலினால் வரும். "எங்கட மாடு, எங்கட பால்" என்றாலும் காய்ச்சாமல் குடிக்கக்கூடாது.

2. காய்ச்சிய பாலை மூடி, பாத்திரத்தோடு கிணற்று நீர் நிறைந்த அகன்ற சட்டிக்குள் வையுங்கள். நீர் சூடானதும் மாற்றுங்கள். இரண்டு மூன்று முறை மாற்றினால் பால் நன்றாக ஆறிவிடும். பிறகு ஈரத்துணியைச் சுற்றிக் காற்றுப்படும் நிழலில் வைத்தால் மேலும் குளிரும்.

3. கொக்கோ தூளைக் குளிர்ந்த பாலில் நேராகக் கொட்டினால் கட்டி கட்டியாக மிதக்கும். பலரும் கைவிடும் இடம் இதுதான். ஒரு கோப்பையில் கொக்கோ தூள், சீனி, உப்பு மூன்றையும் முதலில் உலரவே கலந்துகொள்ளுங்கள். அதன்மேல் சுடுநீரைச் சிறிது சிறிதாக விட்டுக் குழையுங்கள். மினுமினுப்பான கூழ்போல வரும்வரை குழைத்தால் கட்டியே வராது. உப்பு கொக்கோவின் கசப்பை அடக்கும்.

4. வாழைப்பழத்தை முள்ளுக்கரண்டியால் மசித்து வடியில் தேய்த்து எடுங்கள். கடையில் ஐஸ்கிறீம் போட்டுத் தடிப்பாக்குகிறார்கள். நமக்கு அந்தத் தடிப்பை வாழைப்பழம் தரும். பழம் எவ்வளவு பழுத்திருக்கிறதோ அவ்வளவுக்குச் சீனி குறைவாகப் போதும். தோலில் கறுப்புப் புள்ளி விழுந்த, விலை குறைத்துத் தரும் பழமே இதற்கு மிகச் சிறந்தது.

5. ஆறிய பால், கொக்கோக் கூழ், வாழைப்பழ மசியல் மூன்றையும் கொதிநீரில் கழுவிய அகன்ற வாய்ப் போத்தலில் விடுங்கள். போத்தலை நிரப்பவேண்டாம். மூன்றில் ஒரு பங்கு வெறுமையாக இருந்தால்தான் காற்றுக் கலந்து நுரை வரும். தேவையானால் இரண்டு தடவையாகச் செய்யுங்கள். மூடியை இறுக்கி இரண்டு நிமிடம் நன்றாகக் குலுக்குங்கள். இந்த வேலையைப் பிள்ளைகளிடமே கொடுக்கலாம். பெண் பிள்ளை, ஆண் பிள்ளை என்று பார்க்காமல் இருவரிடமும் கொடுங்கள்.

6. போத்தல் இல்லாவிட்டால் இரண்டு பாத்திரங்களில் கை எட்டும் உயரத்திலிருந்து பதினைந்து இருபது தடவை ஆற்றுங்கள். தயிர் கடையும் மத்தும் உதவும். நுரை எழுந்ததும் கிளாஸில் ஊற்றி உடனே பரிமாறுங்கள்.

மீனுக்குப் போடும் ஐஸ் வேண்டாம்

மீன்பிடிக் கிராமங்களில் ஐஸ் கிடைப்பது கடினமில்லை. மீன்பெட்டிக்கு வரும் ஐஸ் கட்டியில் ஒரு துண்டை உடைத்துப் பானத்தில் போட்டுவிடும் பழக்கம் சில இடங்களில் உண்டு. மீனைப் பாதுகாக்க வரும் அந்த ஐஸ் சாக்கிலும் தரையிலும் உருண்டுதான் நம் கைக்கு வருகிறது. கிருமிகள் ஐஸில் சாவதில்லை, உறங்கிக் கிடக்கும். அந்த ஐஸைப் போத்தலுக்கு வெளியே, சட்டிக்குள் வைத்துப் பாலைக் குளிர்விக்கப் பயன்படுத்துங்கள். உள்ளே போடவேண்டாம். அயல்வீட்டில் குளிரூட்டி இருந்தால் கொதித்தாறிய நீரை மூடியுள்ள பாத்திரத்தில் கொடுத்து உறையவைக்கலாம். உரித்த வாழைப்பழத்தைத் துண்டாக்கி உறையவைத்து அடித்தால் ஐஸும் வேண்டாம், ஐஸ்கிறீமும் வேண்டாம்.

குளிரூட்டி இல்லாத வீட்டில் இதைச் செய்து இரண்டு மணிநேரத்துக்குள் குடித்து முடியுங்கள். மிஞ்சியதை அடுத்த நாளைக்கு வைக்கக்கூடாது.

யாருக்கு எவ்வளவு?

ஆறு மாதம் வரை குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே. தண்ணீர்கூடத் தேவையில்லை. ஒரு வயதுக்கு முன் பசும்பாலைத் தாய்ப்பாலுக்குப் பதிலாகக் கொடுக்கக்கூடாது. இரண்டு வயது வரை சீனியும் கொக்கோவும் சேர்ந்த பானத்தைப் பழக்காமல் இருப்பதே நல்லது. சுனாமி, யுத்தம் போன்ற அவசரகாலங்களில் குழந்தைகளுக்கான பால்மாவைக் கண்டபடி பகிரக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. சுத்தமான நீர் இல்லாத இடத்தில் போத்தல்பால் வயிற்றோட்டமாக மாறிவிடும்.

மேலே சொன்ன அளவில் ஒரு கிளாஸுக்கு 2 தேக்கரண்டி, அதாவது ஏறக்குறைய 8 கிராம் சீனி வருகிறது. பெரியவர் ஒருவருக்கு நாள் முழுவதற்கும் சேர்க்கும் சீனி 25 கிராம் அளவில் நின்றால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனை. நாளுக்கு நான்கு சீனித் தேநீர் குடிக்கும் வீட்டில் அந்த அளவு மத்தியானத்துக்கு முன்பே முடிந்துவிடும். ஆகவே மில்க்ஷேக் செய்யும் நாளில் ஒரு தேநீரைக் குறையுங்கள். கிழமைக்கு ஒன்றிரண்டு நாள் போதும். கடையில் குடிபானம் வாங்கினால் 2016 முதல் போத்தலில் அச்சிடப்படும் நிறக் குறியீட்டைப் பாருங்கள். சிவப்பு என்றால் சீனி அதிகம்.

கர்ப்பிணித் தாய்மார் இரும்புச்சத்து மாத்திரையோடு இதைக் குடிக்கக்கூடாது. பாலும் கொக்கோவும் தேயிலையும் இரும்புச்சத்தை உடல் எடுத்துக்கொள்வதைக் குறைக்கும். இரண்டு மணிநேர இடைவெளி விடுங்கள். நீரிழிவு உள்ளவர்கள் சீனியையும் பழத்தையும் பற்றி வைத்தியரிடம் கேட்டபின் குடிப்பது நல்லது.

விற்கலாமா?

கோயில் திருவிழாவிலும் பாடசாலை விளையாட்டுப் போட்டியிலும் இதை விற்கலாமா என்று சில சகோதரிகள் கேட்கிறார்கள். விற்கலாம். ஆனால் முதலில் கணக்குப் போடுங்கள். உதாரணத்துக்கு, பால் லீற்றர் 200 ரூபா, கொக்கோ 100 கிராம் 300 ரூபா, சீனி கிலோ 250 ரூபா, பழம் ஒன்று 20 ரூபா என்று வைத்துக்கொள்வோம். 4 கிளாஸுக்குப் பால் 120, கொக்கோ 10 கிராமுக்கு 30, சீனி 8, பழம் 40, விறகு 10. மொத்தம் 208 ரூபா. ஒரு கிளாஸ் 52 ரூபா. இவற்றில் உங்கள் ஊர் விலையை மாற்றிப் போடுங்கள். அதன்மேல் கோப்பையின் விலையையும் விற்காமல் மிஞ்சுவதையும் சேருங்கள். உங்கள் கூலியையும் சேருங்கள். பெண்களின் உழைப்புக்குக் கணக்கெழுதும் பழக்கம் நம்மிடம் குறைவு. விடியவெழும்பிப் பால் காய்ச்சிய மூன்று மணிநேரத்துக்குக் கூலி போடாமல் வரும் இலாபம், உண்மையில் இலாபமாகாது.

பால் விரைவில் கெடும் பொருள். விற்பனைக்குச் செய்ய முன் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைச் சந்தியுங்கள். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் சிறிய விற்பனையாளருக்கும் பொருந்தும். அவர் சொல்வதைக் கேட்டுச் செய்தால் பின்னால் பிரச்சினை வராது.

அரைக்கும் இயந்திரமும் குளிரூட்டியும் வாங்குவதற்காக நுண்கடன் எடுக்கவேண்டாம். கடன்காரர் வாசலுக்கு வந்து நிற்கும் துன்பத்தை நம் மாவட்டப் பெண்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட பெண்களின் நுண்கடனுக்கு 2018இல் அரசாங்கம் நிவாரணம் அறிவிக்கும் அளவுக்கு அந்தச் சுமை கனத்திருந்தது. போத்தலில் குலுக்கித் தொடங்குங்கள். மிஞ்சும் காசில் அடுத்ததை வாங்கலாம்.

நாலாவது கிளாஸ்

மேலே 4 கிளாஸுக்கு அளவு சொன்னோம். மூன்று பிள்ளைகள் உள்ள தாய் அதைப் பங்கிடும்போது என்ன செய்வார்? மூன்றை ஊற்றிவிட்டு நாலாவதை மறுபடியும் பிள்ளைகளின் கிளாஸில் நிரப்புவார். போத்தலைக் கழுவிய தண்ணீரைத் தான் குடித்துக்கொள்வார். "எனக்கு இதெல்லாம் ருசிக்காது" என்பார்.

பல சமூகங்களில் வறுமை வந்தால் முதலில் குறைவது பெண்ணின் தட்டுத்தான். யுத்தத்தில் கணவரை இழந்து, அல்லது காணாமற்போனவரைத் தேடித்தேடிக் குடும்பத்தைத் தனியே சுமக்கும் பெண்களிடம் இது இன்னும் அதிகம். பசியில்லை என்று சொல்லிச் சொல்லியே பசியை மறந்தவர்கள் பலர். நல்ல ருசியுள்ள ஒன்றை உண்டால் போனவர்களுக்குத் துரோகம் செய்ததுபோல இருக்கிறது என்று சொன்ன ஒரு தாயும் உண்டு. "அவருக்குக் குடுக்காமக் குடிச்ச மாதிரி இரிக்கும் மிஸ்" என்றார். அந்த உணர்வுக்கு மறுமொழி சொல்வது எளிதில்லை. ஆனால் அவரை நம்பி மூன்று பிள்ளைகள் இருக்கிறார்கள். அவரது எலும்புக்கும் இரத்தத்துக்கும் அந்தப் பிள்ளைகளின் படிப்போடும் வாழ்வோடும் தொடர்பு இருக்கிறது. ஒரு கிளாஸில் இருக்கும் 150 மில்லிலீற்றர் பாலில் ஏறக்குறைய 5 கிராம் புரதமும் 180 மில்லிகிராம் கல்சியமும் உண்டு. புரதத்தில் அது ஒரு முட்டைக்குக் கிட்ட வரும். நாற்பது வயதிலேயே முழங்கால் பிடித்து நடக்கும் பெண்ணுக்கு அது ஆடம்பரமில்லை.

அடுத்த மாதர் சங்கக் கூட்டத்துக்கு ஆளுக்கு ஒரு கிளாஸ் பாலும், இருவருக்கு ஒரு பழமும் கொண்டு வாருங்கள். கொக்கோவைச் சேர்ந்து வாங்கினால் ஆளுக்குச் சில ரூபாதான் விழும். அங்கேயே ஆற்றிப் பாருங்கள். பங்கிடும்போது ஒரே ஒரு விதி: ஊற்றுகிற பெண் தன் கிளாஸையும் மற்றவர்களின் கிளாஸோடு சேர்த்து முதலிலேயே வைக்கவேண்டும். எல்லாக் கிளாஸுக்கும் ஒரே அளவு.